ஆமை வளைவில் ஒரு டம்ளர் டீ

"இந்தத் தடவை ரயில்ல போகலாம்" என்று அவள் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பேரும் கையை நிறுத்தினார்கள். வீட்டை விற்றுவிடலாம் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் கொழுந்தன் அவளைப் பார்த்தான்.

"கார் இருக்கறப்போ ரயில் எதுக்கு அண்ணி?"

கேள்வியில் நியாயம் இருந்தது. பள்ளி விடுமுறை விட்டால் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்து மலையடிவாரத்து ஏரிக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவார்கள். கொழுந்தன் கார் வாங்கியதிலிருந்து அந்தப் பயணம் அவன் காரில்தான். டயர் கடை வைத்திருப்பவன். நான்கு சக்கரத்தையும் பெற்ற பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொள்வான். வண்டியை அவன் ஓட்டுவான், பாட்டை அவன் போடுவான், எங்கே நிறுத்துவது என்றும் அவனே முடிவு செய்வான். முன் இருக்கை அவன் அண்ணனுக்கு. கொழுந்தன் மனைவிக்குக் காரில் குமட்டும், அதனால் அவளுக்கு ஒரு ஜன்னல். மகள் வேடிக்கை பார்க்க வேண்டும், அதனால் அவளுக்கு இன்னொரு ஜன்னல். நடுவில், கால் வைக்கிற இடத்தில் மேடு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், முழங்காலை மடித்துக்கொண்டு இவள். போகிற வழியெல்லாம் இவள் பார்த்தது இரண்டு ஆண்களின் பின்மண்டையைத்தான். ஆனாலும் அந்தக் காரை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. காரைச் சொன்னால் அவனையே சொன்னதாக எடுத்துக்கொள்வான்.

"சரி, ரயில்லயே போறோம்னு வெச்சுக்கங்க" என்றான் கொழுந்தன். "ஆமை வளைவை எப்போ தாண்டறது, ஏரியை எப்போ பாக்கறது?"

அவ்வளவுதான். அவள் கணவன் சிரித்தான், மகள் சிரித்தாள், ஓரகத்தி வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுச் சிரித்தாள். அந்த ஊரில் ஆமை வளைவு என்றால் சிரிக்காதவர் கிடையாது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரயில் பாதை ஒரு சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு வளைகிறது. கீழே மண் இளகல். மழைக்கு மழை பாதை ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். அதனால் எந்த ரயிலும் அங்கே ஊர்ந்துதான் போகும். இறங்கிக் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்பார்கள். கல்யாணத்துக்குத் தாமதமாக வருகிறவன், சைக்கிளில் வந்தவனாகவே இருந்தாலும், "ஆமை வளைவுல மாட்டிக்கிட்டேன்" என்பான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வளைவு அவளுடையது.

அவளுக்கு ரயில்வேயில், தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற கேங்கில் வேலை. அதற்கு முன் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றபடி துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, "போய்த்தான் பாரேன்" என்றான் கணவன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவன், பேச்சைச் செலவழிக்காதவன். தோளில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காட்ட வேண்டும் என்றார்கள். இவள் ஓடினாள். அவன் வேலிக்கு வெளியே அவள் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றான். சேர்ந்த புதிதில் கடப்பாரை பிடித்துப் பிடித்து இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப்போய் விரல் மடங்கவில்லை. அந்த நாட்களில் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவனும் அவன்தான். பின்னல் கோணலாக இருக்கும். அவள் அப்படியே வேலைக்குப் போவாள். அவள் பார்த்துச் சும்மா விட்ட ஒரே கோணல் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் கோணல் என்பது அவள் கண்ணில் தூசி விழுந்ததுபோல. தண்டவாளம் எங்கே தாழ்ந்திருக்கிறது என்று பார்க்க, இரண்டு பக்கமும் காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டு, குப்புறப் படுத்துக் கன்னத்தை இரும்போடு இரும்பாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுகப் பார்க்க வேண்டும். பழகப் பழகத்தான் வரும் என்பார்கள். இவளை முதல் தடவை படுக்கச் சொன்னபோது கேங்கில் இருந்த ஆண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். இவள் படுத்தாள், பார்த்தாள், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "அந்தக் கம்பத்துக்கு நேரா லேசா உக்காந்திருக்கு மேஸ்திரி" என்றாள். மேஸ்திரி ரசமட்டத்தை எடுத்துப்போய் வைத்துப் பார்த்தார். குமிழி நகர்ந்து நின்றது. அவர் ரசமட்டத்தைப் பைக்குள் போட்டார்.

"இனிமே இது எதுக்கு? அதான் ஒண்ணு வந்து சேந்துடுச்சே."

அன்றிலிருந்து அவள் பெயர் ரசமட்டம். நாமும் அப்படியே கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் இந்த அளவுக்குப் பொருந்தவில்லை. வீட்டிலும் அந்தக் கண் ஓய்வதில்லை. திரைச்சீலைக் கம்பி, சுவர்க் கடிகாரம், மகளின் நோட்டு அட்டை என்று எதையும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். கொழுந்தனின் டயர் கடை திறப்பு விழாவன்று, வந்தவர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, "போர்டு வலது பக்கம் இறங்கியிருக்கு தம்பி" என்றாள். உண்மையில் இறங்கித்தான் இருந்தது. அவன் அதை இன்றுவரை மறக்கவில்லை.

இவளும் ஒன்றை மறக்கவில்லை. வேகமாகப் போகிற ரயிலிலிருந்து யாரும் யாரையும் திட்ட முடியாது. ஊர்ந்து போகிற ரயிலிலிருந்து ஆற அமரத் திட்டலாம். ஆமை வளைவில் கேங் ஒதுங்கி நிற்கும்போதெல்லாம், ஜன்னலில் இருக்கிற முகங்களுக்கு அவர்களைத் தெளிவாகப் பார்க்க நேரம் கிடைத்தது. "சம்பளத்த வாங்கிட்டுத் தூங்கறாங்க பாரு" என்பார்கள். ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாழைப்பழத்தை நிதானமாகத் தின்றுவிட்டு, அவள் அப்போதுதான் சமன் செய்திருந்த ஜல்லியின் மேல் தோலை வீசினார். இவள் குனிந்து அதை எடுத்துச் சதுப்பில் எறிந்தாள். பக்கத்தில் நின்ற மேஸ்திரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. தப்பு செய்தவள் தான் இல்லை என்று தெரிந்தும் வெட்கமாகத்தான் இருந்தது.

கடைசியில் அந்த வளைவுக்கு விடிவுகாலம் வந்தது. ஒரு பெண் இன்ஜினீயர் வந்தார். சின்ன வயது, பெரிய பொறுமை. மண்ணைத் தோண்டிப் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு கோடை முழுவதற்குமான வேலையை வகுத்துக் கொடுத்தார். வடிகால் வெட்டினார்கள். இளகிய மண்ணை அள்ளிவிட்டுக் கல்லும் மணலும் நிரப்பினார்கள். பெரிய மெஷின்கள் வந்து பெரிய வேலையைச் செய்துவிட்டுப் போயின. அவை போன பின் விரல்கடை அளவு தூக்குவதும், தட்டுவதும், மறுபடி படுத்துப் பார்ப்பதும் கேங்கின் பாடு. ரசமட்டத்தின் இடது கன்னம் அந்தக் கோடையில் வெந்து கறுத்துவிட்டது. வெயிலில் காய்ந்த இரும்பில் ஈரத் துணியைப் போட்டு, அது சூடாவதற்குள் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். "இன்னும் ஒரு பொடி தூக்கணும்" என்பாள். "உன் கண்ணுல கொள்ளி வெக்க" என்று திட்டிக்கொண்டே தூக்குவார்கள்.

போன வாரம்தான், மெதுவாகப் போகச் சொல்லும் பலகையைப் பிடுங்க உத்தரவு வந்தது. யார் கேட்டும் கொடுக்காமல், மேஸ்திரி அந்தப் பலகையைத் தன் தோளிலேயே சுமந்துகொண்டு வந்தார். கிழட்டுப் பலகை, ஒரு பக்கம் துருப்பிடித்தது. மனிதர் பரிசுக் கோப்பை வாங்கியவர்போல் நடந்தார்.

இதையெல்லாம் அவள் அன்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லவில்லை.

"அந்த வளைவு இப்போ அப்படி இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

கொழுந்தனுக்குக் கடை போர்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்படியா? சரி. ஒரு டம்ளர் நிறைய, தளும்பத் தளும்ப டீயை ஊத்திக் கையில வெச்சுக்கறேன். அந்த வளைவத் தாண்டறதுக்குள்ள ஒரு சொட்டு சிந்தினாலும், காலத்துக்கும் என் கார்லதான் வரணும். ரயில் பேச்சே எடுக்கக் கூடாது. ஆமை வளைவுன்னு நான் சொன்னா நீங்களும் சேந்து சிரிக்கணும்."

"சிந்தலன்னா?" என்றாள்.

"சிந்தலன்னா நான் வாயத் திறக்க மாட்டேன்."

"அது நல்லதாச்சே" என்றான் அவள் கணவன், தட்டைப் பார்த்தபடி.

மறுநாள் கேங்கில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் டீ என்பது அவர்களுக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. மேஸ்திரி அவள் போகப்போகும் ரயிலை விசாரித்துக்கொண்டு, "அன்னிக்கு அந்தப் பக்கம்தான் வேலை. நாங்க எல்லாரும் வரிசையா நின்னு கை காட்டறோம். நீ ஜன்னல்லேர்ந்து மகாராணி மாதிரி காட்டு" என்றார். இத்தனை வருடத்தில் அந்த வளைவை அவள் நடந்துதான் கடந்திருக்கிறாள். பயணியாக, பகலில், உட்கார்ந்துகொண்டு கடந்ததே இல்லை. அதை நினைத்து இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

கிளம்பிய அன்று கொழுந்தன் ஸ்டேஷனுக்கு வரும்போதே காரைப் பூட்டினோமா என்று பத்து தடவை கேட்டான். எதிரெதிர் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். முதலில் அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பிடிக்க ஸ்டீயரிங் இல்லாமல் இரண்டு கையும் மடியில் திருதிருவென்று கிடந்தன. ரயில் ஒரு கேட்டைக் கடந்தது. அந்தப் பக்கம் கார்கள் வரிசையாக நின்றன, உள்ளே வெந்துபோன முகங்கள்.

"நிக்கறானுங்க பாரு" என்றான் கொழுந்தன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். வருடா வருடம் அங்கே நிற்பவன் அவன்தான்.

ஓரகத்திக்குக் குமட்டவில்லை. கட்டிக் கொண்டுவந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் பிரித்து, மகளோடு பங்கு போட்டுத் தின்றாள். "அக்கா, போற வழியில நான் சாப்பிடறது இதான் முதல் தடவை" என்றாள். கொழுந்தன் கார் சாவியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

ரசமட்டத்துக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தாள். காதும் காலும்தான் வேலை செய்தன. ஏதோ ஒரு பாலத்தில் சக்கரம் கடகடத்தபோது, அது வேறு கேங்கின் பாதை என்று தெரிந்தும், நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது. சிந்திவிட்டால் என்ன ஆகும்? காரில் நடு இருக்கையில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம், அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இனி அந்த வளைவின் பெயரைக் கேட்டால் சிரிக்க வேண்டும். அதை அவளால் செய்ய முடியாது. அந்த வெயிலில் நின்ற எல்லாரையும் பார்த்துச் சிரிப்பதுபோல் ஆகிவிடும் அது.

"இனிமே வந்துடும்" என்றாள். "வண்டி மெதுவாகும். அப்போ சொல்றேன், டீயை ஊத்தலாம்."

சொன்னதை அவள் கவனிக்கவே இல்லை. வளைவுக்கு முன்னால் வண்டி மெதுவாகும் என்பது வருடக்கணக்காக அவள் உடம்பில் ஊறிப்போன விஷயம். பலகையைப் பிடுங்கியாகிவிட்டது, அவள் உடம்பிலிருந்து அதை யாரும் இன்னும் பிடுங்கவில்லை. பிரேக் பிடிக்கிற அந்த முனகலுக்காக அவள் காத்திருந்தாள்.

கொழுந்தனுக்குப் பொறுமை இல்லை. "இப்பவே ஊத்தி வெச்சிடுவோம். அப்புறம் அவசரத்துல அரை டம்ளர் ஊத்திட்டு ஜெயிச்சேன்னு சொல்லிடுவீங்க" என்றான். ஓரகத்தி பிளாஸ்கைத் திறந்தாள். அவன் டம்ளரை நீட்டினான். அவள் ஊற்றினாள்.

"போதும்" என்றான் அவன்.

"போதாது" என்றாள் ரசமட்டம். தளும்பத் தளும்ப என்றால் தளும்பத் தளும்பத்தான். குனிந்து, முகத்தை டம்ளர் விளிம்புக்கு நேராகக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். ஒரு பக்கமா ஊத்தாத, நடுவுல ஊத்து. இன்னும் ஒரு பொடி." ஓரகத்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள். டீ விளிம்பைத் தொட்டு, விளிம்புக்கு மேலும் லேசாக உப்பி நின்றது. "இப்போ சரி" என்று சொல்லி ரசமட்டம் நிமிர்ந்தாள். கொழுந்தன் டம்ளரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் அந்த டம்ளரையே பார்த்தார்கள். சற்று நேரம் அப்படியே போயிற்று.

"ஆறிடும் அண்ணி. வளைவு எப்போ வரும்?"

"இப்போ வந்துடும்."

அப்போதுதான் ஜன்னலோரம் இருந்த மகள் திரும்பினாள்.

"அம்மா, உன்ன மாதிரியே ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு நிறைய பேர் நின்னாங்க. எல்லாரும் கை காட்டினாங்க. நானும் காட்டினேன்."

"எப்போ?"

"இப்பதான். சித்தி டீ ஊத்திக்கிட்டு இருக்கறப்போ."

ரசமட்டம் எழுந்து மகளின் தலைக்கு மேலே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வளைவு தாண்டி வெகு தூரம் போனால்தான் வரும் செங்கல் சூளையின் புகைபோக்கி, பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சதுப்பும் இல்லை, வளைவும் இல்லை. வண்டி நேர்பாதையில் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது அழுகைதான். இரண்டு இரவு தூங்காமல் காத்திருந்த ஒன்று, முகத்தை டம்ளரில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டது. அவர்கள் வரிசையாக நின்று கை காட்டியிருக்கிறார்கள், இவள் காட்டவில்லை. வந்தது தெரியவில்லையே, எனக்கே தெரியவில்லையே என்று நினைத்தாள். இரண்டாவது தடவை அப்படி நினைத்தபோதுதான் அந்த நினைப்பின் அர்த்தம் அவளுக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"தாண்டியாச்சு தம்பி."

கொழுந்தன் டம்ளரைப் பார்த்தான். மடியைப் பார்த்தான். அன்று பார்த்து வெளிர் நிறப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதில் ஒரு பொட்டு கறை இல்லை. தரையையும் குனிந்து பார்த்தான். பிறகு பந்தயக்காரனுக்கே உரிய கடைசி முயற்சியாக, "நான் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கணும்னுதானே பேச்சு?" என்றான்.

"பிடிச்சுக்கறது என்ன பெரிசு" என்றான் அண்ணன். "வளைவுல ஊத்தியே முடிச்சாச்சு."

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவன், டீ குடிப்பதற்கு மட்டும் திறந்தான்.

ரசமட்டத்தின் போன் அடித்தது. மேஸ்திரி. பின்னால் காற்றும் ஆட்களின் பேச்சும் கேட்டன.

"என்ன ரசமட்டம், தொண்டை கிழியக் கத்தினோம், ஒரு கை காட்டக் கூடாதா? பொண்ணு மட்டும்தான் காட்டிச்சு. தூங்கிட்டியா?"

"தூங்கல மேஸ்திரி. வளைவு எப்போ வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"வந்தது எனக்குத் தெரியல."

மேஸ்திரி வாயைப் போனிலிருந்து திருப்பி, கூட இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. குரல் ஒரு மாதிரி உடைந்திருந்தது.

"தெரியலையாம்ப்பா. ரசமட்டத்துக்கே தெரியலையாம்."

அங்கே எழுந்த கூச்சல் ரயில் சத்தத்தையும் மீறிக் கொழுந்தனுக்கே கேட்டது. யாரோ கடப்பாரையால் எதையோ தட்டினார்கள். ரசமட்டம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கறுத்துப்போன அந்த இடது கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவன் எழுந்து இடம் மாறி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

போனை வைத்ததும் கொழுந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"திரும்பி வர்றப்போ முன்னாடியே சொல்லுங்க அண்ணி. அவங்கள நானும் பாக்கணும்."

"சொல்றேன் தம்பி" என்றாள். பிறகு ஓரகத்தியின் பக்கம் இன்னொரு டம்ளரை நீட்டினாள். "எனக்கும் ஊத்து. நிறையவே ஊத்து."